பழைய காரின் திரையில் இன்றைய நெரிசல்

சிங்கப்பூரில் கார் பத்து வயதைத் தொட்டால் உரிமையாளர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வண்டியைக் கழித்துவிட்டுப் புது சிஓஇயோடு (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னொன்று வாங்கலாம். அல்லது கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்டி, இருப்பதையே ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். ஐந்தாண்டு எடுத்தால் அதற்குப் பிறகு நீட்டிப்பு கிடையாது. நான் பத்தாண்டுக்குக் கட்டினேன். 2014இல் பதிவான ஐரோப்பிய செடான். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, இருக்கைத் தோல் வெடிக்கவில்லை, உச்சிவெயிலில் நின்ற வண்டியையும் ஏசி சீக்கிரமே குளிரவைக்கிறது. வயது தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: நடுப்பலகையில் கம்பெனியே பதித்துக் கொடுத்த வழிகாட்டித் திரை.

அந்தத் திரையின் பட்டியலில் ‘போக்குவரத்துத் தகவல்’ என்று ஒரு வரி உண்டு. எப்போதும் சாம்பல் நிறத்தில் கிடக்கும். குமிழைத் திருகி அதன்மேல் நிறுத்தி அழுத்தினால் ‘தகவல் இல்லை’ என்று வரும். கையில் திறன்பேசி இருக்கும்போது இதைப் பற்றி யாருக்குக் கவலை? நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கண்ணாடியில் ஒரு தாங்கியை ஒட்டு, கைப்பேசியை மாட்டு, அந்தத் திரையை மறந்துவிடு. என்னால் மறக்க முடியாததற்குக் காரணம் நான் தினமும் போகும் பாதை.

செங்காங்கிலிருந்து அலெக்சாண்ட்ராவுக்கு நேர்வழி டிபிஇ, கேபிஇ, எம்சிஇ, ஏஒய்இ என்ற நான்கு விரைவுச்சாலைகள். கேபிஇயின் 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. அதைத் தாண்டினால் எம்சிஇ. அதன் 5 கிலோமீட்டரில் 3.6 கிலோமீட்டர் சுரங்கம், அதிலும் 420 மீட்டர் கடலுக்கு அடியில். அடுத்தடுத்து இரண்டு சுரங்கங்கள், உள்ளேயே பிரிகிற வழிகள், உள்ளேயே சேர்கிற வழிகள். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞை இங்கே இறங்காது. கைப்பேசி என்ன செய்யும்? கடைசியாகத் தெரிந்த வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு அம்புக்குறியைத் தானாகவே நகர்த்தும். சாலை காலியாக இருந்தால் இந்த ஊகம் ஓரளவுக்குச் சரிவரும். நெரிசலில் வண்டி நின்று நின்று நகரும்போது அம்புக்குறி எங்கேயோ முன்னால் ஓடிப்போய் நிற்கும், அல்லது நுழைவாயிலிலேயே உறைந்துவிடும். வழிகாட்டி தேவைப்படுவதே நெரிசலில்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்பெனித் திரை அப்படித் தடுமாறுவதில்லை. அது சக்கரங்களோடு பேசுகிறது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களில் பொருத்திய உணரிகள் ஒவ்வொரு சுழற்சியையும் எண்ணுகின்றன. உள்ளே இருக்கும் சுழலுணரி வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியது என்று பார்க்கிறது. இந்த இரண்டையும் வரைபடத்தோடு பொருத்தினால் செயற்கைக்கோளே இல்லாமல் வண்டியின் இருப்பிடம் கிடைக்கும். கேபிஇக்குள் நடைவேகத்தில் ஊர்ந்தாலும், பிஐஇ விரைவுச்சாலைக்கான பிரிவு எத்தனை மீட்டரில் என்று வேகமானிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும். கெப்பல் மேம்பாலத்திலும் இதே கதைதான். மேலே விரைவுச்சாலை, கீழே கெப்பல் ரோடு. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஒரே கோடு. சரிவில் ஏறினோமா, கீழேயே நேராகப் போனோமா என்பதைப் பல நேரங்களில் காரின் சொந்தக் கருவிதான் சரியாகச் சொல்கிறது.

ஆக, வழிகாட்டி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலைகள். வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவது ஒன்று. முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்று அறிவது இன்னொன்று. என் பழைய திரை முதல் வேலையில் கைப்பேசியை விடக் கெட்டிக்காரத்தனமானது, இரண்டாவதில் குருடு. குருட்டுத்தனத்தை மட்டும் சரிசெய்ய வேண்டும், கெட்டிக்காரத்தனத்தைத் தூக்கி எறியக் கூடாது என்பதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு. கடைக்காரர்களிடம் இதைப் புரியவைப்பதுதான் பாதி வேலையாக இருந்தது.

முதலில் அந்தச் சாம்பல் வரியின் கதை. என் வண்டி வெளிவந்த காலத்து ஐரோப்பியக் கார்களில் நேரலைத் தகவல் வந்து சேர்ந்த வழி எஃப்எம் வானொலி. பாட்டு போய்க்கொண்டிருக்கும் அதே அலைவரிசையில், நம் காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில், விநாடிக்கு 1187.5 பிட் என்ற மெதுவான வேகத்தில் எழுத்துத் தகவல் போகும். நிலையத்தின் பெயர் ரேடியோவில் ஓடுகிறதே, அது இந்த வழியில் வருவதுதான். அதன் ஓர் ஓரத்தில் டிஎம்சி என்ற போக்குவரத்துச் செய்தியும் சவாரி செய்யும். வேகம் குறைவு என்பதால் வாக்கியங்களை அனுப்ப முடியாது; எண்களைத்தான் அனுப்புவார்கள். என்ன நடந்தது என்பதற்கு ஓர் எண், எங்கே என்பதற்கு ஓர் எண், எந்தத் திசை, எவ்வளவு நீளம் என்று சில பிட்டுகள். அந்த எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை காருக்குள் முன்கூட்டியே இருக்க வேண்டும். அனுப்புபவரிடமும் அதே அட்டவணை இருக்க வேண்டும். இடக்குறியீட்டுக்கு 16 பிட் மட்டுமே என்பதால் ஓர் அட்டவணையில் 65,536 இடங்களுக்கு மேல் கொள்ளாது. அதனால் முக்கியச் சாலைகளும் சந்திப்புகளும்தான் அதில் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பல கேள்விகள் தாமாகவே விழுந்துவிட்டன. கடை ஒன்றில் என்னிடம் டிஎம்சி ஆன்டெனா ஒன்றை விற்கப் பார்த்தார்கள். ரிசீவரும் ஆன்டெனாவும் என் காரில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது, என் வரைபடத்தில் இருக்கும் அட்டவணைக்குப் பொருந்துகிற ஒலிபரப்பு. அதை ஆன்டெனா கொண்டுவராது. பட்டியலில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காக இந்த ஊரில் அது வேலை செய்யும் என்று பொருளில்லை. ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மென்பொருளைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் மைத்துனரின் நிலைமை இன்னும் வேடிக்கை. அவருடையது ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்த ஏழு இருக்கை வண்டி. திரை பெரிது, படம் அருமை. ஆனால் வரைபடம் முழுக்க ஜப்பான். ஜப்பானில் 1996லிருந்து விக்ஸ் என்ற முறை இருக்கிறது. எஃப்எம் அலை, சாலையோரத்தில் நிறுவிய அகச்சிவப்புக் கம்பங்கள் ஆகியவற்றின் வழியாக நெரிசல் தகவல் காருக்குள் இறங்கும். அவருடைய வண்டியில் அதற்கான ரிசீவர் பதித்தே வந்திருக்கிறது. உட்லண்ட்ஸில் அது யாரிடம் பேசும்? ரேடியோகூட ஒத்துழைக்கவில்லை. ஜப்பானிய எஃப்எம் வரிசை 76இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பழைய பெட்டிகளில் 90 வரை. நமது தமிழ் வானொலியான ஒலி 96.8 அதற்கு வெளியே நிற்கிறது. அலைவரிசையை 20 கீழே இறக்கித் தரும் சிறு கருவியை ஆன்டெனா கம்பியில் செருகி, 76.8இல் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “மச்சான், ரேடியோவுக்கே இந்தப் பாடு, இதில் டிராஃபிக் வேறா?” என்று சிரித்தார். ஜப்பான் இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி வழிகாட்டியைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பதே என் கருத்து. சக்கர உணரியும் சுழலுணரியும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பொருத்திப் பார்க்க உள்ளூர் வரைபடம் இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லை.

வரைபடம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நேரலைத் தகவலுக்குப் பணம் கட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். எம்சிஇ திறந்தது 2013 டிசம்பர் 29. என் வண்டி 2014இல் பதிவானாலும் அதனுள் இருந்த வரைபடம் அதற்கு முந்தியது. அதன் கணக்கில் நான் தினமும் காலையில் மரீனா சவுத் பக்கம் சாலையே இல்லாத வெற்றிடத்தில் மிதந்து, ஏஒய்இயில் கரையேறிக்கொண்டிருந்தேன். பழைய ஈசிபி விரைவுச்சாலையின் ஒரு துண்டு ஷியர்ஸ் அவென்யூ என்ற சாதாரணச் சாலையாக மாறியதும் அதற்குத் தெரியாது. சக்கரக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பொருத்துவதற்குச் சாலையே வரைபடத்தில் இல்லையென்றால் கருவி குழம்பிப்போய்ப் பக்கத்துச் சாலைக்குத் தாவும். ஆகவே முதல் செலவு வரைபடப் புதுப்பிப்பு. முகவரிடம் கேட்டு, என் கருவியின் தலைமுறைக்கு வெளியான கடைசிப் பதிப்பை யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொண்டேன். ‘கடைசி’ என்பதைக் கவனியுங்கள்: ஒவ்வொரு தலைமுறைக் கருவிக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் புது வரைபடம் வராது. உங்களுடையதற்கு எந்த ஆண்டோடு நின்றது என்பதை முதலில் கேட்டுவிட்டு அதன் பிறகு மற்றதை யோசியுங்கள்.

இன்னொரு வகைக் கார்கள் உண்டு. உள்ளேயே சிம் பதித்து, இணையத்தின் வழியாக நெரிசல் தகவலை இழுத்துக்கொள்பவை. முதல் சில ஆண்டுகளுக்கு இலவசம், பிறகு சந்தா. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சந்தாவைப் புதுப்பித்தும் தகவல் வரவில்லை என்று அலைந்தார். அவருடைய காரில் இருந்தது 3ஜி மோடம். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலோடு போனது. 3ஜிக்கு 2024இல் விடை கொடுத்தார்கள். சந்தா உயிரோடு இருந்தாலும் பேசுவதற்கு அலைவரிசை இல்லை. பழைய காருக்கு இணையச் சந்தா கட்டுவதற்கு முன்னால் மோடம் எந்தத் தலைமுறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கார்கள் கைப்பேசியின் இணையத்தை புளூடூத் வழியாகக் கடன் வாங்கும். அதிலும் ஒரு சிக்கல். பழைய கார்களில் சில டியுஎன் என்ற பழைய முறையை மட்டுமே அறியும். ஐபோன் அதைத் தருவதில்லை, பேன் என்ற முறையைத்தான் தருகிறது. காரும் கைப்பேசியும் இணைந்துவிட்டதாகத் திரை சொல்லும், பாட்டு ஓடும், அழைப்பு வரும், இணையம் மட்டும் போகாது.

எனக்கு மிஞ்சிய வழி: திரையும் கருவியும் அப்படியே இருக்க, இடையில் ஒரு பெட்டியைச் செருகி, ஐபோன் செயலிகளைக் காரின் திரைக்குக் கொண்டுவரும் ஆப்பிளின் கார்ப்ளேயை அதே திரையில் காட்டுவது. கார்ப்ளே 2014இல்தான் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு வண்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. கூகல் மேப்ஸ், வேஸ் போன்ற செயலிகளுக்குக் கார்ப்ளேயில் இடம் கிடைத்ததோ 2018இல். அதனால்தான் இந்தப் பெட்டிகளுக்கு இவ்வளவு சந்தை.

யூபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இதற்கான கடைகள் நிறைய. முதலில் போன இடத்தில், திரையையே கழற்றிவிட்டுப் பெரிய ஆண்ட்ராய்டு திரை போடச் சொன்னார்கள். விலை குறைவு, பார்க்கக் கவர்ச்சி. நான் கேட்டது ஒரே கேள்வி: சக்கர உணரியோடு இப்போதிருக்கும் கருவி பேசுகிறதே, புதியது பேசுமா? பதில் நேராக வரவில்லை. “ஜிபிஎஸ் இருக்கிறது சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் வேலை பார்த்தவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வரும் இளைஞர். கேள்வியைக் கேட்டதும் டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். “அண்ணே, இந்தப் பெட்டி படத்தை மட்டும்தான் மாற்றும். உள்ளே ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பேசிக்குச் சக்கரக் கணக்கு கிடைக்காது, ஆனால் உங்கள் பழைய வழிகாட்டிக்கு ஒன்றும் ஆகாது.” எனக்கு வேண்டியது இந்த நேர்மைதான். கார்ப்ளே கம்பெனியிலிருந்தே வந்த புதிய வண்டிகளில் காரின் ஜிபிஎஸ்ஸையும் சக்கர வேகத்தையும் கைப்பேசிக்குக் கொடுக்க வழி இருக்கிறது. பின்னால் சேர்க்கும் பெட்டியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், நீங்களும் நில்லுங்கள். பிளாஸ்டிக் நெம்புகோலால் பலகையின் விளிம்பைக் கிளப்பினார். திரைக்குப் போகும் படக் கம்பியைக் கழற்றி, பெட்டியின் வழியாகச் சுற்றவிட்டு மறுபடி திரையில் செருகினார். பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். அவற்றை மேலும் கீழும் தள்ளித்தான் திரையின் அளவையும் காரின் வகையையும் அதற்குச் சொல்ல வேண்டும். முதலில் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டு வந்தது, ஒரு சுவிட்சை மாற்றியதும் உட்கார்ந்தது. ஒலிக்கு அவர் கை வைக்காத இடம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வகை ஐரோப்பியக் கார்களில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், வழிகாட்டி எல்லாம் ஓர் ஒளியிழை வளையத்தில் இணைந்திருக்கும். ஒன்றின் செருகியை எடுத்தாலும் வளையம் அறுந்து மொத்த ஒலியும் ஊமையாகிவிடும். அதைத் தொடாமல், கார்ப்ளேயின் ஒலியைச் சாதாரண ஆக்ஸ் துளை வழியாகக் கொடுத்தார். ஒலித்தரம் ஒரு படி குறைவுதான். ஆனால் பத்தாண்டு வயதான ஒளியிழைச் செருகிகளோடு விளையாடுவதை விட அது மேல்.

மூன்று விஷயங்களைக் கடையை விட்டு வருமுன்பே சோதித்தோம். ரிவர்ஸ் கியர் போட்டதும், கைப்பேசிப் படம் ஓடிக்கொண்டிருந்தாலும் பின்புறக் கேமரா உடனே வருகிறதா. ஒரு விநாடி தாமதம்கூட பல மாடி கார் நிறுத்தத்தின் தூணுக்குப் போதும். அழைப்பில் என் குரல் எதிர்முனைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறதா. பெட்டியோடு வரும் மைக்கை முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்கத் தூணின் மேல்முனையில் பதித்தபோது சரியானது. மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது. கார் பூட்டிய பிறகு பெட்டி தூங்குகிறதா? அவர் பேட்டரியின் நெகட்டிவ் முனைக் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தார். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்குரூடிரைவரால் அழுத்தி, மூடிவிட்டதாகக் காரை ஏமாற்றி, சாவியால் பூட்டினார். எண் முதலில் ஆம்பியர் கணக்கில் இருந்தது, காரின் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்க உறங்கப் படிப்படியாக இறங்கி, 50 மில்லியாம்பியருக்குள் வந்து நின்றது. ஆம்பியர் கணக்கிலேயே நின்றிருந்தால் ஒரு வாரம் ஊருக்குப் போய்வருவதற்குள் பேட்டரி படுத்துவிடும். இதற்குச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். மொத்தச் செலவு சில நூறு வெள்ளி.

என் திரை தொடுதிரை இல்லை. குமிழைத் திருகித்தான் கார்ப்ளேயை இயக்க வேண்டும். முதலில் அலுப்பாக இருந்தது; ஓடும்போது கண்ணை எடுக்காமல் திருக முடிவதால் இப்போது அதுவே பிடித்திருக்கிறது. எழுத்தெழுத்தாகத் தட்டுவது மட்டும் கொடுமை. போகுமிடத்தை வீட்டிலேயே கைப்பேசியில் தேர்ந்தெடுத்துவிட்டு வண்டியில் ஏறுகிறேன். 2015 பிப்ரவரியிலிருந்து ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதே குற்றம் என்பதால் இது நல்ல பழக்கமும்கூட.

இனி பயன்படுத்தும் விதம். நடுத்திரையில் கைப்பேசியின் வண்ண வரைபடம். வேகமானிக்குப் பக்கத்துச் சின்னத் திரையில் கம்பெனி வழிகாட்டியின் அம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் பைத்தியம் பிடிக்கும், கம்பெனிக் குரலை அணைத்துவிட்டேன். முடிவெடுக்கிற இடம் டிபிஇயில் ஏறுவதற்கு முன்னால், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார் நிறுத்தத்திலேயே. கேபிஇக்குள் நுழைந்துவிட்டால் நேரலைத் தகவல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வெளியேறும் வழிகள் சிலவே. கைப்பேசி சிடிஇ விரைவுச்சாலை பக்கம் போகச் சொன்னால் கம்பெனி வழிகாட்டியை நிறுத்திவிடுகிறேன்; இல்லாவிட்டால் அது விடாப்பிடியாக ‘முடிந்தால் திரும்பு’ என்று அம்பை வளைத்துக்கொண்டே இருக்கும். கேபிஇதான் என்றால் அதிலும் அதே இடத்தைக் குறித்துவிட்டு, சுரங்கத்துக்குள் அதை நம்பிப் போகிறேன்.

வண்ணங்களை எவ்வளவு நம்புவது? அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் அளவு புரியும். கைப்பேசிச் செயலிகளின் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் பெரும்பாலும் அதே சாலையில் போகும் மற்ற கைப்பேசிகளின் வேகம். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தன் சொந்தக் கண்கள் உண்டு: 1998இல் தொடங்கிய எமாஸ் முறையின் கேமராக்கள், டாக்சிகளின் ஜிபிஎஸ் வேகத்தைத் தொகுக்கும் டிராஃபிக்ஸ்கேன் போன்றவை. விபத்து, பயண நேரம், வேக அளவு ஆகியவற்றை ஆணையம் டேட்டாமால் என்ற தன் தரவுத் தளம் வழியாகச் செயலி எழுதுவோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. விரைவுச்சாலைக்கு மேல் தொங்கும் எமாஸ் பலகை ‘இந்த வெளிவழிக்கு இத்தனை நிமிடம்’ என்று காட்டும்போது, அதற்கும் என் திரைக்கும் வித்தியாசம் இருந்தால் நான் பலகையை நம்புகிறேன். சுரங்கத்துக்குள் கைப்பேசிகளே தங்கள் இருப்பிடம் தெரியாமல் தவிக்கும்போது, அவற்றின் வேகத்திலிருந்து பிறந்த நிறத்துக்கு எவ்வளவு மதிப்பு?

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டின் சிவப்பைப் பார்த்துப் பயந்து சுற்றிப்போக வேண்டியதில்லை. இடது தடத்தில் கார் நிறுத்தத்துக்காக நிற்கும் வரிசையும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. மாறாக, தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை ஊர்வலம் போகும் தடங்களை மூடும்போது அங்கே கார்களே இருக்காது. கார் இல்லையென்றால் வேகத் தகவலும் இல்லை, நிறமும் இல்லை. மூடல் அறிவிப்பைச் செயலி தனியாகப் பெற்றிருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் அது நம்மை நேராகத் தடுப்பு வரை கொண்டுபோய் விடும். அந்த நாளில் இந்து அறக்கட்டளை வாரியமும் காவல்துறையும் முன்கூட்டியே வெளியிடும் சாலை மூடல் விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டண விஷயத்தில் பழைய திரை அசல் அசடு. ‘கட்டணச் சாலையைத் தவிர்’ என்று அமைத்தால், ஞாயிற்றுக்கிழமை கட்டணமே இல்லாத நேரத்திலும் கட்டண வளைவைத் தவிர்க்க ஊரைச் சுற்றும். நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் என்பதே அதன் மூளையில் இல்லை. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். 2023 நவம்பரிலிருந்து பொருத்தத் தொடங்கிய புதிய ஈஆர்பி சாதனம் முன்னால் வரும் கட்டணத்தையும் சில சாலைத் தகவல்களையும் தன் திரையில் காட்டுகிறது. இனி நேரலைக்கு வேறெதுவும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் கருவி இல்லை; காரின் சொந்தத் திரைக்கு எதையும் அனுப்புவதும் இல்லை. டாஷ்போர்டில் இன்னொரு திரை, அவ்வளவே. கண்ணாடியில் கைப்பேசித் தாங்கியும் சேர்ந்தால் மூன்று. என் பெட்டியால் அந்தத் தாங்கியாவது போனது, வெயிலில் சூடேறிக் கைப்பேசி அணைந்துபோவதும் நின்றது.

கடற்பாலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெள்ளிக்கிழமை மாலையிலும், ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளிலும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு எந்த வழிகாட்டி சொல்லும் நிமிடக் கணக்கையும் நான் நம்புவதில்லை. கார் நிற்கும், மோட்டார்சைக்கிள் நகரும், பஸ் தனித் தடத்தில் போகும். அத்தனையும் ஒரே கோட்டின் நிறமாக மாறினால் அது யாருடைய வேகம்? ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச்சாவடிகளின் கேமராப் படங்களும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. வரிசையின் வால் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, உட்லண்ட்ஸுக்குப் போகும் பிகேஇயா, துவாஸுக்குப் போகும் ஏஒய்இயா என்று தீர்மானிக்கிறேன். தாண்டியதும் கைப்பேசி மலேசிய அலைவரிசைக்கு மாறும். ரோமிங் வாங்காதவருக்கு நிறங்கள் அத்தோடு மறைந்துவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் வழி மட்டும் வரும். கம்பெனித் திரையில் மலேசியா ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் அந்த வரைபடப் புதுப்பிப்பை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சில கார்களில் சிங்கப்பூரோடு சேர்த்தே வருகிறது.